நாலாம் லெவலில் இரண்டு வருடம்

“என்னட்டி, புள்ள பெயிலாப் போயிட்டாளா?”

2022 செப்டம்பரில் பாளையங்கோட்டையிலிருந்து அம்மா கேட்ட கேள்வி இது. நான் மினியாப்பொலிஸ் புறநகரில், வெளியே பார்த்தால் கிடங்கு மாதிரி இருக்கும் ஒரு கட்டடத்தின் வாசலில் காருக்குள் உட்கார்ந்திருந்தேன். உள்ளே என் மகள் ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்சியில் இருந்தாள். “இந்த வருஷமும் அவ நாலாம் லெவல்தாம்மா” என்று பேச்சுவாக்கில் சொன்னதுதான், அம்மா கப்பென்று பிடித்துக்கொண்டாள்.

“பெயில் எல்லாம் இல்லம்மா, ரிப்பீட் பண்றா.”

“ரெண்டும் ஒண்ணுதானட்டி?”

சிரித்துச் சமாளித்தேன். ஆனால் அதற்கு முந்தின வாரம் கோச்சிடமிருந்து வந்த மின்னஞ்சலில் ‘ரிப்பீட்’ என்ற சொல்லைப் பார்த்தபோது என் வயிற்றிலும் அதேதான் பிசைந்தது. முழுப் பரீட்சை ரிசல்ட் ஒட்டிய பலகை முன்னால் நின்று நம்பர் தேடிய தலைமுறை நான். ஒரே வகுப்பில் இரண்டு வருடம் உட்கார்வது என்றால் எனக்குத் தெரிந்தது ஒரே அர்த்தம்தான். அமெரிக்காவில் வந்து இருபது வருடம் ஆனாலும் அந்தப் பலகை உள்ளேயே தொங்கிக்கொண்டிருக்கும் போல.

இந்த விளையாட்டுக்குள் நாங்கள் வந்த கதை ரொம்பச் சாதாரணம். 2018இல், அவளுக்கு 5 வயது, கூடப் படிக்கும் பிள்ளையின் பிறந்தநாள் விழாவை ஒரு ஜிம்மில் வைத்தார்கள். நுரைத்துண்டுகள் நிரப்பிய குழிக்குள் குதித்தவள் வெளியே வர மறுத்துவிட்டாள். வாரத்துக்கு ஒரு மணி நேர வகுப்பில் சேர்த்தோம். ஒரு வருடம் கழித்து, “இவளை ப்ரீ-டீமில் போடலாமா?” என்று கேட்டார்கள், போட்டி அணிக்கு முந்தின படி அது. நம் பிள்ளையை ஒருவர் தேர்ந்தெடுத்தார் என்றால் எந்தப் பெற்றோருக்கும் கண் மறைக்கும். வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எவ்வளவு செலவு, எத்தனை வருடம் என்று ஒன்றும் கேட்காமல் தலையாட்டினேன். 2020 மார்ச்சில் எல்லாம் மூடியபோது வரவேற்பறையில் யோகா பாயை விரித்து, ஜூமில் கோச் எண்ண எண்ண இவள் வயிற்றுப் பயிற்சி செய்தாள். பக்கத்து நாற்காலியில் என் கணவர் ஆபீஸ் மீட்டிங்கில் இருப்பார்.

இங்கே ஏணி எப்படி என்றால், யூஎஸ்ஏ ஜிம்னாஸ்டிக்ஸ் என்ற தேசிய அமைப்பு 1 முதல் 10 வரை லெவல்கள் வைத்திருக்கிறது. முன்பு இதற்கு ‘ஜூனியர் ஒலிம்பிக்’ என்று பெயர், இப்போது ‘டெவலப்மெண்ட் புரோகிராம்’. பெயரை மாற்றினார்களே, புண்ணியமாகப் போகட்டும். அந்தப் பழைய பெயரைக் கேட்டால் 6 வயசுப் பிள்ளையின் அப்பாவுக்கே மெடல் மேடை கண்ணில் தெரிய ஆரம்பித்துவிடும். 5ஆம் லெவல் வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே ரூட்டீன் (வரிசையாகச் செய்துகாட்டும் அசைவுகள்), ஒரே இசை. டெக்சாஸில் 4ஆம் லெவல் பிள்ளை ஃப்ளோரில் கையை எந்தப் பக்கம் ஆட்டுகிறதோ அதே பக்கம்தான் மினசோட்டாப் பிள்ளையும் ஆட்டவேண்டும். ஒரு மீட்டில், அதாவது போட்டியில், 40 பிள்ளைகள் இருந்தால் அதே பாட்டை 40 தடவை கேட்கவேண்டும். மூன்று சீசன் கேட்டிருக்கிறேன். இன்றும் பாத்திரம் கழுவும்போது திடீரென்று தலைக்குள் ஓடும்.

6ஆம் லெவலிலிருந்து ‘ஆப்ஷனல்’. சொந்த ரூட்டீன், சொந்த இசை. எந்த வகை ஸ்கில்கள் இருக்கவேண்டும் என்று மட்டும் விதி சொல்லும். 9, 10க்குப் போனால் மாநிலம் தாண்டி, பிராந்தியம் தாண்டிப் போட்டிகள். நாட்டை 8 பிராந்தியமாகப் பிரித்திருக்கிறார்கள், நாங்கள் 4. பத்துக்கும் மேலே இருப்பது எலீட். டிவியில் ஒலிம்பிக்கில் பார்ப்பவர்கள் அந்த மேல்மாடி ஆட்கள்.

ஒரு விஷயம் எனக்குப் புரிய இரண்டு வருடம் ஆனது. லெவலுக்கும் வயதுக்கும் சம்பந்தமே இல்லை. ஒவ்வொரு லெவலுக்கும் இவ்வளவு வயதாவது ஆகியிருக்கவேண்டும் என்று கீழ்வரம்பு உண்டு, அவ்வளவுதான். இத்தனை வயதுக்குள் ஏறியே ஆகவேண்டும் என்று எங்கும் எழுதியில்லை. அதை எழுதிவைத்தது நான்தான், மனதுக்குள்.

சரி, ஏன் ரிப்பீட்? கிப். அந்த ஒற்றைச் சொல்தான் காரணம்.

பார்ஸில் தரையிலிருந்து கம்பிக்கு மேலே ஏறும் வழி அது. கம்பியைப் பிடித்துக் குதித்து, உடம்பை முன்னால் வழுக்கவிட்டு முழுசாக நீட்டவேண்டும். நீண்ட அந்த நொடியிலேயே இரண்டு காலையும் சேர்த்து மடக்கிக் கணுக்காலைக் கம்பிக்குக் கொண்டுவரவேண்டும். அப்புறம் கம்பி முழங்காலைத் தாண்டி, தொடையைத் தாண்டி இடுப்புக்கு உரசிக்கொண்டே ஏறும். கோச்சுகள் எல்லாரும் இதற்கு ஒன்றே சொல்வார்கள்: “பேண்ட் போடுற மாதிரி இழு!” இத்தனையும் முழங்கை மடங்காமல். பலம் மட்டும் இருந்தால் வராது. நேரமும் கூடவேண்டும், கால் நொடி பிந்தினால் உடம்பு ஈரத்துணி மாதிரி கீழே தொங்கும். பார்க்க ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். பிள்ளைகள் இதைப் படிக்க ஆறு மாதம், ஒரு வருடம் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

இவளுக்குப் பதினோரு மாதம் ஆனது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நான் எண்ணுவேன். ஒரு சாயங்காலம் 30 முயற்சி. கீழே இறங்கி, சாக் பவுடர் தொட்டியில் கையைத் தேய்த்து, ஊதி, மறுபடி வரிசையில் நிற்பாள். உள்ளங்கைத் தோல் கொப்புளித்துக் கிழியும். அவர்கள் அதற்கு ‘ரிப்’ என்பார்கள். கிழிந்த அன்றைக்குத் தோழிகளிடம் கையை விரித்துக் காட்டுவதில் ஒரு பெருமை. ராத்திரி குளிக்கும்போது தண்ணீர் பட்டதும் அந்தப் பெருமை எல்லாம் போய் அலறல் வரும். நான் தேங்காய் எண்ணெய் தடவி, கையில் காட்டன் சாக்ஸை மாட்டிப் படுக்கவைப்பேன்.

அந்த முதல் 4ஆம் லெவல் சீசனில் கிப் பாதி நாள் வரும், பாதி நாள் வராது. கடைசி மீட் மார்க்கு எனக்கு மனப்பாடம்: வால்ட் (ஓடிவந்து கையூன்றித் தாண்டுவது) 8.7, பார்ஸ் (கம்பி) 6.9, பீம் (ஒல்லியான உத்தரத்தின் மேல்) 8.1, ஃப்ளோர் (தரையில் இசைக்கு) 8.8. மொத்தம் 40க்கு 32.5. ஒவ்வொன்றுக்கும் உள்ள அந்த 10 மார்க்கு எப்படிக் கரைகிறது என்று பார்த்தால் பயமாக இருக்கும். முழங்கால் மடங்கினால் ஒரு வெட்டு, பாதம் நீளாவிட்டால் ஒரு வெட்டு, பீமில் ஆடினால் ஒரு வெட்டு, விழுந்தால் நேராக 0.5. நடுவர் முகத்தில் ஒன்றும் தெரியாது, குனிந்து எழுதிக்கொண்டே இருப்பார். பரதநாட்டிய அரங்கேற்றத்தில் தப்பு விட்டால் சிரித்துக்கொண்டே ஆடி மறைத்துவிடலாம். இங்கே சிரிப்புக்கு மார்க்கு இல்லை.

இன்னொன்று. நாங்கள் ஊருக்குப் போயிருந்தபோது என் அம்மா, பிள்ளைக்குக் கண் பட்டுவிடும் என்று காலில் கறுப்புக் கயிறு கட்டிவிட்டிருந்தாள். முதல் மீட் அன்று கோச் பார்த்துவிட்டு, ரொம்பத் தன்மையாக, “இதைக் கழற்றணுமே” என்றார். ஜிமிக்கி, வளையல், கயிறு ஒன்றும் கூடாது. கழற்றி அவள் பைக்குள் போட்டேன். அந்த 6.9க்குக் காரணம் அதுதான் என்று அம்மா இன்றுவரை நம்புகிறாள்.

ஒரு வருடம் ரிப்பீட் செய்தாள். அந்த வருடம் அவள் ஏற்கெனவே அறிந்த ரூட்டீனைத்தான் செய்தாள், ஆனால் அது அவளுடையதாக மாறியதைப் பார்த்தேன். அடுத்தது என்ன என்று யோசிக்காமல் கைவிரல் நுனியைப் பற்றி யோசிக்க நேரம் கிடைத்தது. 9.2, 9.05, 8.9, 9.25, மொத்தம் 36.4. பார்ஸில் 9.05! ஏழு மாதம் முன்பு நான் காருக்குள் உட்கார்ந்து முகம் தூக்கிய விஷயத்துக்கு இப்போது ஸ்வீட் வாங்கிக்கொண்டு போனேன். வெட்கம்தான்.

ஆனால் நான் அதோடு திருந்திவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அந்தச் சமயத்தில்தான் ‘டாப்ஸ்’ வந்தது. சின்ன வயதிலேயே திறமையுள்ள பிள்ளைகளைக் கண்டுபிடிக்கும் தேசியத் திட்டம். கயிறு ஏறுதல், கம்பியில் தொங்கிக்கொண்டு காலைத் தலைவரை தூக்குதல், கைகளில் நிற்றல், உட்கார்ந்த நிலையிலிருந்து குதிக்காமல் மெல்ல மெல்லக் கைநிலைக்கு ஏறும் ‘பிரெஸ் ஹேண்ட்ஸ்டாண்ட்’, இப்படி உடல்பலச் சோதனைகள். அதில் தேறி, ‘ஹோப்ஸ்’ என்ற அடுத்த படியைத் தாண்டி, எலீட் என்று ஒரு தனி வழி போகிறது. எங்கள் ஜிம்மிலிருந்து ஒரே ஒரு பிள்ளையை அதற்குத் தயார் செய்தார்கள். எங்கள் பிள்ளை இல்லை.

அன்றிரவு நான் யூடியூபைப் பார்த்து வரவேற்பறையில் என் மகளுக்குப் பிரெஸ் ஹேண்ட்ஸ்டாண்ட் சொல்லிக்கொடுக்க முயன்றேன். நான்! பள்ளிக்கூடத்தில் பி.டி. பீரியடில் வயிற்றுவலி என்று மரத்தடியில் உட்கார்ந்தவள். இரண்டு நாள் அவள் பொறுத்துக்கொண்டாள். மூன்றாம் நாள், “அம்மா, நீங்க தலைகீழா நின்னாலும் எனக்கு இது இப்ப வராது” என்று தமிழிலேயே சொன்னாள். அந்தப் பழமொழியை எந்தத் தமிழ் வகுப்பில் படித்தாளோ தெரியாது, சரியான இடத்தில் இறக்கினாள்.

கோச்சிடம் போய்க் கேட்டேன். அவர் சொன்னது சுருக்கமாக இருந்தது. எலீட் பிள்ளைகள் வாரத்துக்கு 30 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி செய்வார்கள், பலர் வீட்டிலிருந்தே படிப்பார்கள். சர்வதேச சீனியர் போட்டிக்கு அந்த ஆண்டில் 16 வயது ஆகவேண்டும், அதுவரை உடம்பைக் காப்பாற்றிக் கொண்டுபோகவேண்டும். “இவளுக்கு இது பிடிச்சிருக்கு. அதைக் கெடுக்காம இருக்கறதுதான் இப்போதைக்கு என் வேலை” என்றார்.

இந்தக் கோச்சிடம் வந்து சேர்ந்ததும் ஒரு கதை. முதலில் போன ஜிம்மில் பெற்றோர் பார்க்கும் ஜன்னலுக்குத் திரை போட்டு மூடினார்கள். “பிள்ளைகளுக்குக் கவனம் சிதறுது” என்றார்கள். அடுத்த மாதமே வேறு இடம் பார்த்தோம். அதிகப்பிரசங்கித்தனம் என்று யாராவது நினைத்தால் நினைக்கட்டும். தேசிய அணி மருத்துவராக இருந்த லாரி நாசரின் பாலியல் வன்கொடுமை வழக்கில், 2018 ஜனவரியில் 150க்கும் மேற்பட்ட பெண்கள் ஒருவர் பின் ஒருவராக நீதிமன்றத்தில் எழுந்து பேசினார்கள். என் மகள் இந்த விளையாட்டில் கால் வைத்த அதே வருடம். சில பெண்கள், அதே அறையில் தங்கள் அம்மா இருக்கும்போதே நடந்தது என்று சொன்னார்கள். அதைப் படித்த பிறகு திரை போட்ட ஜன்னல் எனக்கு ஒத்துவராது. இப்போது விதிகள் கடுமை. பெரியவர் ஒருவர் பிள்ளையோடு மூடிய அறையில் தனியாக இருக்கக்கூடாது, பிள்ளைக்குத் தனியாகச் செய்தி அனுப்பக்கூடாது, அனுப்பினால் பெற்றோரும் அதில் இருக்கவேண்டும். எங்கள் கோச், “நாளைக்கு லியோடார்ட் அளவு எடுக்கணும்” (போட்டிக்குப் போடும் உடை) என்பதைக்கூட எனக்கும் சேர்த்தே அனுப்புவார். அலுப்பாகத்தான் இருக்கும். இருக்கட்டும்.

5ஆம் லெவலில் ஒரே ஒரு மீட், தேவையான மார்க்கை வாங்கிக்கொண்டு 6க்குப் போனாள். 2023-24 சீசன் முழுக்க 6. சொந்த இசை! ஃப்ளோர் இசையில் பாட்டு வரிகள் வரக்கூடாது. நான் உற்சாகமாக நையாண்டி மேளம் ஒன்றை வெட்டிக் கொடுத்தேன். எங்கள் பக்கத்துக் கொடை விழாவில் அது அடித்தால் செத்தவனும் எழுந்து ஆடுவான். அவள் ஹெட்போனில் கேட்டாள். முகம் மாறவில்லை. “ரொம்ப வேகம்மா, எனக்கு மூச்சு வாங்கும்” என்றாள். கடைசியில் ஒரு வயலின் துண்டு. அதற்கு நடனம் அமைத்துத் தரத் தனிக் கட்டணம்.

கட்டணம் என்றதும் என் கணவரின் கணக்குப்பட்டியலைச் சொல்லவேண்டும். அந்த வருடம் மாதச் சம்பளம் 385 டாலர் (ஜிம்முக்குக் கட்டுவதை நாங்கள் ‘அவளோட சம்பளம்’ என்போம்), ஏழு மீட்டுக்கு நுழைவுக் கட்டணம், மின்னுகிற லியோடார்ட், ஹோட்டல், பெட்ரோல் எல்லாம் சேர்த்து ஏழாயிரம் டாலரைத் தாண்டியது. மோகினி பரத்வாஜைப் பற்றிச் சொன்னேன் அவரிடம். இந்திய அப்பாவின் மகள், 2004 ஏதென்ஸில் வெள்ளி வென்ற அமெரிக்க அணியின் கேப்டன். பணமில்லாமல் பீட்சா விநியோகம்கூடச் செய்தவர், பமேலா ஆண்டர்சன் 20,000 டாலர் கொடுத்துத்தான் கடைசிக்கட்டப் பயிற்சிக்கு வழி பிறந்தது. கணவர் பட்டியலிலிருந்து தலையைத் தூக்காமல், “பமேலா ஆண்டர்சன் நம்பர் இருக்கா?” என்றார்.

2024 ஜூனில் ஒலிம்பிக் தேர்வுப் போட்டி எங்கள் ஊருக்கே வந்தது, டார்கெட் சென்டரில். வெள்ளிக்கிழமை பெண்கள் போட்டிக்கு மேல் வரிசையில் டிக்கெட். எல்லாரும் சூனி லீயைப் பார்க்கத்தான் வந்திருந்தார்கள். பக்கத்து செயிண்ட் பால் பிள்ளை, ஹ்மோங் குடும்பம். சின்ன வயதில் வீட்டில் பயிற்சி செய்ய அப்பா மரத்தில் ஒரு பீம் செய்து கொல்லையில் வைத்துக் கொடுத்தார் என்பது இந்த ஊரில் எல்லாருக்கும் தெரிந்த கதை. டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆல்-அரவுண்ட் (நாலும் சேர்த்து) தங்கம், அப்புறம் சிறுநீரக நோய், அப்புறம் மறுபடி இங்கே. அவர் பெயரைச் சொன்னதும் எழுந்த சத்தத்தில் என் மகள் காதைப் பொத்திக்கொண்டு கத்தினாள்.

ஆனால் நாங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தது அந்தச் சத்தத்தை இல்லை. போட்டிக்கு இரண்டு நாள் முன்பு பயிற்சியில் ஸ்கை பிளேக்லிக்குக் குதிகால் தசைநாண் அறுந்திருந்தது. அன்று எங்கள் கண்முன் கெய்லா டிசெல்லோ முதல் வால்டில் இறங்கி எழுந்திருக்கவில்லை, அதுவும் குதிகால் தசைநாண். ஷிலீஸ் ஜோன்ஸ் வார்ம்-அப் வால்டிலேயே முழங்காலைப் பிடித்துக்கொண்டார். பார்ஸ் மட்டும் செய்துவிட்டு விலகினார். அந்த நாட்டிலேயே மேலே இருக்கும் பத்துப் பதினைந்து பேரில் மூன்று பேர், ஒரே வாரத்தில். கார் நிறுத்திய இடத்துக்கு நடக்கும்போது மகள் கேட்டாள், “அவங்க இப்ப எங்க இருப்பாங்கம்மா?” ஆஸ்பத்திரியிலா, வீட்டிலா, இல்லை அந்தக் கட்டடத்துக்குள்ளேயே எங்கேயாவது உட்கார்ந்து கைதட்டலைக் கேட்டுக்கொண்டிருப்பார்களா என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் அந்த வருடம் குதிகால் வலி இருந்தது. வளரும் பிள்ளைகளுக்கு எலும்பின் வளர்ச்சித்தட்டில் வருவது, ‘சீவர்ஸ்’ என்றார் டாக்டர். அவளுடையது தானாகப் போகிற வலி. இருந்தாலும் அன்றிரவு அவள் தூங்கிய பிறகு போய் அந்தக் காலைக் கொஞ்சநேரம் பிடித்துவிட்டேன்.

7ஆம் லெவலுக்குப் பீமில் பறக்கும் ஸ்கில் ஒன்று வேண்டும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது பேக் ஹேண்ட்ஸ்ப்ரிங். பின்பக்கமாகக் குதித்து, கையில் இறங்கி, காலுக்கு வருவது. பீமின் அகலம் 10 சென்டிமீட்டர். என் கையைக் குறுக்கே வைத்தால் விரல்கள் வெளியே தொங்கும். உயரம் 125 சென்டிமீட்டர். பின்னால் குதிப்பதால் கை எங்கே விழப்போகிறது என்று கடைசி நொடி வரை கண்ணுக்குத் தெரியாது. அந்த ஆகஸ்டில் ஒருநாள் அவளுக்கு ஒரு கை தப்பியது. பெரிய அடி இல்லை, கெண்டைக்காலில் ஒரு நீளச் சிராய்ப்பு, அழுகை, ஐஸ். மறுநாள் பயிற்சிக்குச் சந்தோஷமாகத்தான் போனாள்.

போய் பீமில் ஏறினாள். கைகளைக் காதோடு சேர்த்துத் தூக்கினாள். நின்றாள். நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம். சுவர்க் கடிகாரத்தில் முள் அரை வட்டம் சுற்றியது. கையை இறக்கினாள். மறுபடி தூக்கினாள். முட்டி லேசாக மடங்கும், மூச்சு உள்ளே போகும், அதோடு சரி. கழுத்தில் ஒரு நரம்பு மட்டும் துடித்தது.

இரண்டரை மாதம் அப்படித்தான். தரையில் கோடு போட்டுச் செய்தால் வரும். தரையோடு இருக்கும் பீமில் வரும். உயர பீமுக்குப் பக்கத்தில் மெத்தைகளை அடுக்கி, பீம் மட்டத்துக்கே கொண்டுவந்து, “விழுந்தாலும் விழ இடமில்லை” என்று கோச் சிரித்துக்கொண்டு நின்றாலும் வராது. இதை ‘மெண்டல் பிளாக்’ என்கிறார்கள். டோக்கியோவில் சிமோன் பைல்ஸுக்கு வந்தது காற்றில் திசை தெரியாமல் போவது, அது வேறு. இவளுக்குக் காலே தரையை விட்டுக் கிளம்பவில்லை. கோச் ஒருநாளும் கத்தவில்லை, அதைச் சொல்லவேண்டும். கத்தினது வீட்டில்தான். நான்தான். “தினமும் தரையில பண்றியே, அதையேதானே மேல பண்ணணும்?” பீமில் ஒருதடவைகூட ஏறி நிற்காதவள் கேட்ட கேள்வி. மகள் பதில் சொல்லவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள்.

அக்டோபரில் கோச் எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, “எக்ஸெல் யோசிச்சுப் பார்க்கலாமா?” என்றார். என் கணவர் சட்டென்று, “ஏற்கெனவே எல்லாத்தையும் எக்செல்லதான் போட்டு வச்சிருக்கேன்” என்று செலவுப் பட்டியலைச் சொன்னார். கோச்சுக்குப் புரியவில்லை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

எக்ஸெல் என்பது அதே அமைப்பின் இன்னொரு பாதை. ப்ரான்ஸ், சில்வர், கோல்டு, பிளாட்டினம், டயமண்ட், சஃபையர் என்று படிகள். ஆரம்பத்திலிருந்தே சொந்த ரூட்டீன், விதிகளில் நெகிழ்ச்சி உண்டு, வராத ஸ்கில்லைச் சுற்றிக்கொண்டு வந்ததை வைத்து அமைக்கலாம். வாரத்துக்கு 16 மணி நேரமாக இருந்தது 9 ஆகும். சில ஜிம் பெற்றோர் இதை ‘டீமுக்கு முடியாதவங்களுக்கு’ என்கிற மாதிரிச் சொல்வதைக் காதால் கேட்டிருக்கிறேன். நானும் முன்பு அப்படித்தான் தலையாட்டியிருப்பேன். அதனால் கோச் சொன்னதும் எனக்குள் முதலில் வந்தது கணக்கு. பத்தாம் லெவல் போனால்தானே கல்லூரி அணி? நாட்டில் பெண்கள் அணி உள்ள கல்லூரிகள் எண்பதுக்குச் சற்று மேல்தான், அதில் இடம் என்றால்... என்று ஓடியது மனசு. (ஆண் பிள்ளைகளுக்கு இன்னும் மோசம். எங்கள் மினசோட்டா பல்கலைக்கழகமே தன் ஆண்கள் அணியை 2021 சீசனோடு மூடிவிட்டது.) 11 வயசுப் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து நகத்தைக் கடிக்கிறது, நான் கல்லூரியில் நிற்கிறேன்.

“உனக்கு என்ன தோணுது?” என்று கோச் அவளைக் கேட்டார். எங்களைக் கேட்கவில்லை.

“பீம்ல வேற ஏதாவது பண்ணலாமா அப்போ?” என்றாள். “எனக்கு பேக் வாக்ஓவர் நல்லா வரும்.” குதிக்காமல் பின்பக்கம் வளைந்து, கையூன்றிக் காலுக்கு வருவது அது.

“பண்ணலாம்.”

“அப்போ சரி.”

இரண்டு நிமிடத்தில் முடிந்தது. அன்று காரில் வரும்போது ரேடியோவோடு சேர்ந்து பாடிக்கொண்டே வந்தாள். எத்தனை மாதமாகப் பாடவில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பிளாட்டினத்தில் ஒரு சீசன் போட்டியிட்டாள். சனிக்கிழமை காலைகள் காலியானதால் பாதியில் நின்ற தமிழ்ப் பள்ளியும் திரும்ப ஒட்டிக்கொண்டது. போன வருடம் 7ஆம் வகுப்புக்கு வந்ததும் பள்ளிக்கூட அணியில் சேர்ந்தாள். மினசோட்டாவில் அந்த வழக்கம் உண்டு, 7ஆம் வகுப்பிலிருந்தே உயர்நிலைப் பள்ளி அணிக்கு ஆடலாம். நவம்பரில் ஆரம்பித்துப் பிப்ரவரியில் முடியும். பன்னிரண்டாம் வகுப்பு அக்காக்கள் இவள் தலைமுடியைப் பின்னிவிடுகிறார்கள், பஸ்ஸில் ஒன்றாகப் போகிறார்கள், ஒருத்தி பீமில் ஏறினால் மற்ற எல்லாரும் தொண்டை கிழியக் கத்துகிறார்கள். ஜிம் மீட்டில் நான் பார்த்த அந்த உறைந்த அமைதி இங்கே இல்லை. இதுவும் ஒரு பாதை என்று ஏன் யாரும் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டால், சொல்லியிருப்பார்கள், நான்தான் மேலேயே பார்த்துக்கொண்டிருந்திருப்பேன்.

பேக் ஹேண்ட்ஸ்ப்ரிங் திரும்ப வந்ததா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். பள்ளி அணியின் தாழ்ந்த பீமில் செய்கிறாள். உயர பீமில் இல்லை. முன்பு தினமும் நான் கேட்பேன், இப்போது கேட்பதில்லை. இதை எழுதும்போதும் கேட்கவேண்டும் போலத்தான் இருக்கிறது.

அம்மாவுக்கு இந்த எக்ஸெல், பள்ளி அணி எல்லாம் சொல்லி விளக்க முயலவில்லை. அவளுக்குத் தெரிந்த ஒரே ஜிம்னாஸ்ட் தீபா கர்மாகர். 2016 ரியோவில் வால்ட் இறுதிப் போட்டியில் 15.066 எடுத்து நாலாமிடம் வந்தாரே, வெண்கலத்துக்கு வெறும் 0.15 குறைவு. அந்த ராத்திரி தூங்காமல் டிவியைப் பார்த்தவர்களில் அம்மாவும் உண்டு. அதுவரைக்கும் இதெல்லாம் அவளுக்குக் கழைக்கூத்தாடி வேலை. அன்றைக்கு அப்புறம் மதிப்பு வந்தது. “தட்டைக் காலாம்ட்டி அந்தப் புள்ளைக்கு! அந்தக் காலோடயே போயிருக்கு பாரு, திரிபுராவுலேருந்து” என்று எனக்கே பாடம் எடுத்தாள்.

ஜனவரியில் பள்ளி மீட் ஒன்றின் பீம் வீடியோவை வாட்ஸப்பில் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. நாலு நிமிடம் பதில் இல்லை. அப்புறம் குரல் செய்தி வந்தது. பின்னணியில் குக்கர் விசில்.

“பாத்தேன்ட்டி. நல்லா பண்ணுதா. ஆனா அந்த ரெண்டாவது குதி இருக்குல்லா, அதுல பாதத்தை நீட்டல. திரும்பும்போது கையும் ஆடிப்போச்சு. அதுக்கு வெட்டியிருப்பான். புள்ளைட்ட ஆச்சி சொன்னேன்னு சொல்லு.”

மகளிடம் போட்டுக் காட்டினேன். வீடியோவை மறுபடி ஓடவிட்டு, அந்த இடத்தில் நிறுத்தி, பெரிதாக்கிப் பார்த்தாள்.

“ஆமா,” என்றாள். “நீட்டல.”